கட்டம் போட்டுக் கழுத்தறுக்காதீங்க!

கடை திறந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர் அனுப்பின படம்தான் என்னை உக்கார வச்சு டைப் அடிக்க வச்சிருக்கு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

தம்பி புதுசா கேமரா வாங்கியிருக்கார். வாங்கின கையோட கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்படியே மலை ஏறி வெள்ளிமலைன்னு பைக்ல ஒரு சுத்து. எங்க ஊர்ல கேமரா வாங்கினவன் முதல்ல போற ரூட்டு அதுதான். நானும் அப்படித்தான் போனேன். அங்க எடுத்த ஒரு பெரியவர் படத்தை வாட்ஸப்ல அனுப்பி, "அண்ணே, ரூல் ஆஃப் தேர்ட்ஸ் கரெக்டா விழுந்திருக்கா?"ன்னு கேட்டிருந்தார்.

விழுந்திருந்துச்சு. அச்சு பிசகாம விழுந்திருந்துச்சு. பெரியவரோட கண்ணு, மேல வலது பக்கத்துப் புள்ளியில ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருந்துச்சு. ஆனா அவர் தோள்ல ஒரு கை இருந்துச்சு. கண்ணாடி வளையல் போட்ட கை. மணிக்கட்டு வரைக்கும்தான் கை, அதுக்கப்புறம் ஆளைக் காணோம்.

"தம்பி, இது யார் கை?"

"அது அவங்க சம்சாரம்ணே. பக்கத்துலயே நின்னாங்க. ஃப்ரேம் கிளீனா இருக்கட்டும்னு கிராப் பண்ணிட்டேன்."

தாலி கட்டின பொண்டாட்டியை ஒரு சொடுக்குல காணாமப் போக வச்சிட்டு, கண்ணு புள்ளியில இருக்கான்னு கேக்கறார். நான் அவரைத் திட்டலை. திட்டற யோக்யதை எனக்கு இல்லை. ஏன் இல்லைன்னு பின்னாடி சொல்றேன். திட்ட வேண்டியது அவருக்குப் பாடம் சொன்னவங்களை. அதாவது நம்மளை. ஆமாங்க, கேமரா கையில வந்த மூணாவது மாசமே "ஆரம்ப நிலை புகைப்படக்காரர்களுக்குப் பத்து டிப்ஸ்"னு பதிவு போட்ட நம்ம எல்லாரையும்தான். நானும் போட்டிருக்கேன். (தேடாதீங்க, தூக்கிட்டேன்.)

அந்தப் பத்து டிப்ஸ் என்னென்னன்னு உங்களுக்கே மனப்பாடம். கட்டம் போடு. சப்ஜெக்டை நடுவுல வைக்காதே. பின்னணியில கண்ணை உறுத்தற எதையும் விடாதே. ஃப்ரேமை நிரப்பு. இன்னும் கிட்டப் போ. கோடுகளைத் தேடு. ஒவ்வொண்ணும் தனியாப் பார்த்தா நல்ல யோசனைதான், இல்லைன்னு சொல்லலை. எல்லாத்தையும் சேர்த்து ஒரு புதுப் பையன் கையில குடுத்தா என்ன ஆகுதுங்கறதுதான் என் சண்டை. அவனுக்கு வெட்டத்தான் வருது. யாரை வெட்டறோம்னு யோசிக்க வரலை.

முதல்ல இந்த மூன்றில் ஒரு பங்கு விதி. ஏதோ பிரபஞ்சம் உண்டானப்பவே கூட வந்த மாதிரி பேசறோம். அதுக்கு அந்தப் பேரை வச்சவர் ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒரு இங்கிலீஷ்காரர். ஓவியர், செதுக்குப் படம் போடறவர். 1797-ல் எழுதின ஒரு புத்தகத்துல சொல்றார். அப்போ கேமரா படம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. இன்னிக்கு நம்ம கையில மிஞ்சியிருக்கற ஆகப் பழைய கேமராப் படமே பிரான்ஸ்காரர் நியெப்ஸ் 1826 இல்லேன்னா 1827-ல் எடுத்தது. ஸ்மித் சொன்னதும் ரொம்ப எளிமையான விஷயம்தான். வானத்துக்கும் நிலத்துக்கும் பாதிப் பாதின்னு பிரிச்சுக் குடுக்காதே, ஒண்ணுக்கு ஒரு பங்கு, இன்னொண்ணுக்கு ரெண்டு பங்கு குடுன்னு சொன்னார். நம்ம கேமராத் திரையில வர்ற அந்த நாலு புள்ளி, அதுல கண்ணை உக்கார வைக்கறதெல்லாம் பின்னாடி வந்தவங்க சேர்த்துக்கிட்டது.

எனக்கு சுவாரசியமாப் பட்டது வேற. அது என்ன புத்தகம் தெரியுமா? கிராமத்துக் குடிசைகளைப் பத்தின புத்தகம். கூரை பிஞ்ச, சுவர் இடிஞ்ச ஏழைங்க வீட்டை எப்படி அழகாப் படம் போடறதுன்னு, இருபது குடிசைப் படத்தோட போட்ட புத்தகம். ஆக, இந்த விதி பிறந்த இடமே அடுத்தவன் வறுமையை அழகாக் காட்டற இடம்தான். இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம கல்வராயன் மலைக்குப் போய் சாமைக்காட்டு ஓரத்துல இருக்கற குடிசையைக் கட்டத்துக்குள்ள அடைச்சுட்டு வந்து "நைஸ் கம்போசிஷன் பாஸ்" வாங்கறோம்.

சரி, என் கதைக்கு வர்றேன். பல வருஷம் ஆச்சு. அப்போ நான் கத்துக்குட்டி, ஆனா வாத்தியார்னு நினைப்பு. வெள்ளிமலையில ரேஷன் கடைத் திண்ணையில ஒரு ஆயா உக்காந்திருந்தாங்க. கால்மாட்டுல சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட். பக்கத்துல ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு ஏதோ பேப்பரைப் படிச்சு ஆயாவுக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஆயா முகத்தைச் சுருக்கிக்கிட்டு உன்னிப்பாக் கேட்டாங்க. கேட்டுட்டுத்தான் எடுத்தேன், அந்த மரியாதை அப்பவே இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். பக்கெட் சிவப்பு கண்ணை உறுத்துச்சு. வெட்டினேன். யூனிஃபார்ம் சட்டை வெயில்ல வெளுத்துப் போயிருந்துச்சு. அந்தப் பொண்ணையும் வெட்டினேன். பின்னாடி சுவத்துல ரேஷன் கடை விலைப்பட்டியல். வெட்டினேன். கடைசியில மிஞ்சினது ஒரு முகம். கருப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏத்தினேன். ஒவ்வொரு சுருக்கமும் ஏர் ஓட்டின மாதிரி எழும்பி நின்னுச்சு. "காலத்தின் கோடுகள்"னு தலைப்பு வேற. (சிரிக்காதீங்க, அப்போ அப்படித்தான் தலைப்பு வைப்போம்.) ஒரு போட்டிக்கு அனுப்பினேன், பரிசு கிடைச்சுது. தனிமையின் வலியை அப்படியே வடிச்சிருக்கீங்கன்னு நிறைய பேர் எழுதினாங்க. நானும் நன்றி நன்றின்னு பதில் போட்டுக்கிட்டே இருந்தேன்.

மறு வருஷம் பெரிசா பிரிண்ட் போட்டு, ஃப்ரேமும் மாட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். ஆயா வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். அவங்க ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க:

"ஏந்தம்பி, எனக்கு யாரும் இல்லாத மாதிரி இருக்குதே?"

அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. "சார், நான் ஆயா பக்கத்துலதான உக்காந்திருந்தேன்?"னு கேட்டுச்சு. கோபமெல்லாம் இல்லை, சந்தேகம்தான். சரியா ஞாபகம் இல்லையோன்னு தன் மேலேயே சந்தேகம். அதுதான் என்னைக் கொன்னுது. ஆயா திரும்பவும், "அன்னிக்கு நான் பச்சைச் சீலையில்ல கட்டியிருந்தேன், இதுல எழவு வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு"ன்னாங்க. பச்சைச் சேலை, பேத்திக்கு உதவித்தொகை வந்தப்போ எடுத்ததாம். அன்னிக்குப் பேத்தி படிச்சுக் காட்டினது அந்த உதவித்தொகைக் காகிதம்தானாம். அதையும் வெட்டியிருந்தேன்.

தனிமையின் வலியாம்! தனிமையே இல்லைங்க அங்க. நான் தயாரிச்சது அது. என் கட்டிங் பிளேடு தயாரிச்சது.

அதுக்கப்புறம்தான் நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சேன். இந்த வேலையை நான் முதல்ல செய்யலை, எனக்கு முன்னாடி ஒரு துரை செஞ்சிருக்கார். எட்கர் தர்ஸ்டன், சென்னை மியூசியத்துக்கு 1885-ல் இருந்து கண்காணிப்பாளரா இருந்தவர். ஊர் ஊராப் போய் ஜனங்களோட மூக்கையும் மண்டையையும் கருவி வச்சு அளந்தவர். கேமராவும் கூடவே போச்சு. ரங்காச்சாரியோட சேர்ந்து 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி ஏழு தொகுதி போட்டார். நம்ம மலையில இருக்கற மலையாளிப் பழங்குடிகளைப் பத்தியும் அதுல பகுதி உண்டு. (கேரளா மலையாளி இல்லைங்க, மலையை ஆள்றவங்க. வெளியூர்ப் பதிவர்கள் வழக்கமாக் குழம்பற இடம் இது.) அந்த மாதிரிப் புத்தகப் படங்கள்ல ஆளை நேரா நிறுத்துவாங்க, இல்லேன்னா பக்கவாட்டுல திருப்பி நிறுத்துவாங்க. கீழ பெரும்பாலும் பேர் இருக்காது. சாதிப் பேர்தான் இருக்கும். அந்த ஆள் ஒரு ஆள் இல்லை, ஒரு "மாதிரி". அரிசி மூட்டையில கை விட்டு எடுத்துப் பாக்கற மாதிரி அரிசி.

"காலத்தின் கோடுகள்" படத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? தர்ஸ்டன் மூக்கை அளந்தார், நான் சுருக்கத்தை எண்ணினேன். அவராவது அளக்கறேன்னு சொல்லிட்டு அளந்தார். நான் கலைன்னு சொன்னேன்.

இந்த இடத்துல ஒரு குரூப் கிளம்பி வரும்னு தெரியும். "கார்ட்டியே பிரெஸ்ஸோன் கம்போசிஷன்ல புலி, அவரையும் திட்டுவீங்களா?"ன்னு. வாங்க, பேசலாம். அவர் நமக்குப் பக்கத்து ஊருக்கு வந்துட்டுப் போனவர்தான். 1950-ல் ரமணரோட கடைசி நாட்கள்ல திருவண்ணாமலையில இருந்தார். ஏப்ரல் 14 ராத்திரி ரமணர் சமாதி ஆனப்போ வானத்துல ஒரு எரிகல் போனதைத் தானும் பார்த்ததாச் சொன்னவர். ஓவியம் கத்துக்கிட்டு வந்த மனுஷன், கோடும் கோணமும் அவருக்கு ரத்தத்துல. ஆனா கவனிங்க, எடுத்த படத்தைப் பின்னாடி வெட்டறது அவருக்குப் பெரும்பாலும் ஆகாது. எங்க நிக்கணும், எப்போ அமுக்கணும்ங்கறதை அங்கேயே முடிவு பண்ணணும்னு நினைச்சவர். வீட்டுக்கு வந்து பேத்தியைக் காணாமப் பண்றதை அவர் கம்போசிஷன்னு சொல்லலை.

அதே 1950-ல் அவர் மதுரையில எடுத்த படம் ஒண்ணு இருக்கு. எலும்பும் தோலுமான குழந்தையோட ஒரு தாய், பக்கத்துல மர வண்டிச் சக்கரம். குழந்தையோட விலா எலும்புக்கும் சக்கரத்து ஆரத்துக்கும் ஒரு பொருத்தம் விழுந்திருக்கும். உலகமே கொண்டாடின படம். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ரெண்டு விதமா இருக்கும். எப்பேர்ப்பட்ட கண்ணுய்யா இதுன்னு ஒரு பக்கம். பசியில கூடவா பொருத்தம் பாக்கறதுன்னு இன்னொரு பக்கம். இதுவரைக்கும் எனக்குத் தீர்ப்பு சொல்ல முடியலை. ஆனா அந்தத் தீராத சங்கடத்தோட கேமராவைத் தூக்கறதுதான் சரின்னு தோணுது. பத்து டிப்ஸ் அந்தச் சங்கடத்தைத்தான் முதல்ல துடைச்சுப் போடுது.

"அட, ஒரு கிழவி படத்துக்கு இவ்ளோ சீனா?"ன்னு கேக்கறவங்களுக்காக இன்னும் ரெண்டு சொல்றேன். இதெல்லாம் விளையாட்டு இல்லை.

2024 ஜூன்ல எங்க ஊர் பேர் இந்தியா பூரா அடிபட்டுச்சு. கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த வாரம் கேமரா இல்லாத ஆளே தெருவுல இல்லை. என் கண்ணுல பட்ட படங்கள்ல பாதிக்கு மேல ஒரே படம்தான். அழற பொம்பளை முகம், குளோசப், பின்னாடி எல்லாம் மங்கல். லென்ஸைத் திறந்து வச்சா பின்னணி அழகாக் கரைஞ்சு போகும் இல்லையா, அது. டிப்ஸ் பிரகாரம் நூத்துக்கு நூறு மார்க்.

ஆனா கருணாபுரம் எங்க இருக்கு? காட்டுக்குள்ளயா? ஊர் மத்தியில இருக்குங்க. காவல் நிலையம் பக்கம், நீதிமன்றம் பக்கம். அவ்வளவு பக்கத்துல எப்படி சாராயம் ஓடுச்சுங்கறதுதான் அன்னிக்கு எல்லாரும் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வி ஒரு ஃப்ரேமுக்குள்ள வரணும்னா என்ன பண்ணணும்? பின்னாடி வரணும். பத்தடி, இருபதடி, ஐம்பதடி பின்னாடி வரணும். தெரு தெரியணும், தெரு முனை தெரியணும், தூரம் தெரியணும். முகத்துக்குள்ள புகுந்துட்டா கண்ணீர் மட்டும்தான் தெரியும். கண்ணீர் எந்த ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும். "கிட்டப் போ"ங்கற டிப்ஸ் யாருக்கு உபகாரம் பண்ணுச்சுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

சாராயம்னாலே பழி எங்க மலை மேலதான் விழும். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை ஜனங்களோட நிலைமையைப் பத்தித் தானா முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கிச்சு. ரோடு இல்லாதது, பஸ் இல்லாததெல்லாம் கோர்ட்ல பேசப்பட்டுச்சு. அதே ரோடு இல்லாத பாதையைத்தான் நாம "லீடிங் லைன்"னு படம் எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தோம். "மனிதக் கால் படாத கல்வராயன்"னு தலைப்போட. அந்தப் பாதையே மனுஷக் கால் பட்டு உண்டானதுதானேய்யா! தினமும் அதுல நடந்து பள்ளிக்கூடம் போற பசங்க ஃப்ரேமுக்குள்ள வந்துடக் கூடாதுன்னு அவங்க கடக்கற வரைக்கும் காத்திருந்து எடுத்தவன் நான். மேகம் அருவியில குளிக்கற கூட்டம் விலகற வரைக்கும் காத்திருந்தேன். பெரியார் அருவி ரோட்டை ஒட்டியே இருக்கு. ரோடே தெரியாம நடுக்காடு மாதிரி எடுத்துக் காட்டறதுல எனக்கு ஒரு பெருமை.

இன்னொண்ணு. 2015 ஏப்ரல் 7. திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு 20 தமிழ்நாட்டுக்காரங்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்னுது. ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஆளுங்க அதுல இருந்தாங்க. நம்ம கல்வராயனுக்கு ஒட்டின மலைங்க. பிணங்களும் பக்கத்துல செம்மரக் கட்டைகளும் கிடக்கற படம் பேப்பர்ல வந்துச்சு. பார்த்ததும் மனசு என்ன முடிவு பண்ணும்? ஆள், பக்கத்துல கட்டை. முடிஞ்சுது கதை. ரெண்டு பொருளைப் பக்கத்துல பக்கத்துல வச்சா மனசு தானா முடிச்சு போட்டுக்கும். கம்போசிஷனோட முதல் பலமே அதுதான். ஆனா அந்தப் படங்களை உத்துப் பார்த்தவங்க, சில கட்டையில பெயிண்ட் அடையாளம் இருக்கே, இப்பதான் வெட்டின கட்டை இப்படியா இருக்கும்னு கேள்வி கேட்டாங்க. மனித உரிமைக்காரங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. யாரோ ஒரு போட்டோகிராபர், "கட்டை முனை உறுத்துது, வெட்டிடலாம்"னு வெட்டியிருந்தா? படத்துல குப்பைன்னு நாம நினைக்கறதுதான் சில சமயம் சாட்சி சொல்லுது.

அப்போ கம்போசிஷனே வேணாமா, கண்ணை மூடிக்கிட்டு அமுக்கறதான்னு கேட்டா, இல்லைங்க. வேணும். நல்லா வேணும். நான் சொல்லிக் குடுக்கற ஆளுங்களை முதல்ல கோமுகி அணைக் கரைக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல. வாசல்ல சோளம் சுட்டு விக்கறவங்களோ மீன் விக்கறவங்களோ யாராவது இருப்பாங்க. கேட்டுட்டு, ஒரே ஆளைப் பத்து இடத்துல இருந்து எடுக்கச் சொல்வேன். கட்டத்தை ஆஃப் பண்ணிடணும், ஜூம் கிடையாது, கால்தான் ஜூம். ஆள் உக்காந்திருந்தா நீயும் உக்காரு. நின்னுக்கிட்டே குனிஞ்சு எடுத்தா உன் பார்வையில அவங்க எப்பவும் கீழதான். அணைக்கரைக் கோடு அவங்க கழுத்தை அறுத்துக்கிட்டுப் போகும், அப்போ வெட்டாதே, கொஞ்சம் குனி, கோடு தோளுக்குக் கீழ இறங்கும். தலையில இருந்து கரண்ட் கம்பம் முளைக்குதா? இடது பக்கம் ஒரு எட்டு நகரு, அவ்வளவுதான். ஒரு எட்டுல போற விஷயத்துக்கு எதுக்கு கத்தி? மொபைல்ல ரொம்பக் கிட்டப் போய் எடுத்தா மூக்கு உப்பிக் காது சின்னதாப் போகும், யாருக்கும் தன் மூஞ்சியை அப்படிப் பாக்கப் பிடிக்காது. பின்னாடி வா. அமுக்கறதுக்கு முன்னாடி நாலு மூலையும் ஒரு தடவை பாரு. யாரோட கை, யாரோட கால் பாதியில நிக்குது? நின்னா, அந்த ஆளை முழுசா உள்ள கூப்பிடு, இல்லேன்னா முழுசா வெளிய விடற மாதிரி நீ நகரு. கையை மட்டும் வச்சுக்கிட்டு ஆளை அனுப்பாதே.

நடுவுல வைக்காதேன்னு சொல்றதும் எனக்கு இப்போ சிரிப்பா வருது. எங்க வீட்டுச் சுவத்துல தாத்தாவும் பாட்டியும் நிக்கற ஸ்டூடியோப் படம் இருக்கு. சரியா நடுவுல. தலையில இருந்து பாதம் வரைக்கும். பக்கத்துல ஸ்டூல், அதுல பிளாஸ்டிக் பூ, பின்னாடி திரையில வரைஞ்ச தாஜ்மகாலோ என்னவோ. பாதம் வெட்டுப்பட்டா பாட்டி அந்தப் படத்தை வாங்கியே இருக்க மாட்டாங்க. அந்த ஸ்டூடியோக்காரருக்கு ஸ்மித்தும் தெரியாது, கட்டமும் தெரியாது. ஆனா படம் யாருக்காகன்னு தெரியும். படத்துல இருக்கறவங்கதான் காசு குடுத்து வாங்கப் போறாங்க, அவங்க வீட்டுலதான் தொங்கப் போகுது. நம்ம "காலத்தின் கோடுகள்" எந்த ஆயா வீட்டுலயாவது தொங்குமா? தொங்காது. ஏன்னா அது அவங்களுக்காக எடுத்ததே இல்லை.

இதெல்லாம் நடக்காத காரியம்னும் சொல்லாதீங்க. மதுரைக்காரர் எம். பழனிகுமார் எடுத்த துப்புரவுத் தொழிலாளர் படங்களைத் தேடிப் பாருங்க. 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துல கேமரா பண்ணினவர். சாக்கடைக்குள்ள இறங்கற ஆளை எடுக்கறார், அவரோட வீட்டையும் எடுக்கறார், பேரோட போடறார். பார்த்துட்டு உங்களால "நைஸ் ஃப்ரேம்"னு மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது.

"கலைன்னா தேர்ந்தெடுக்கறதுதான், எதையாவது விட்டுத்தான் ஆகணும்"னு ஒரு நண்பர் போன்ல வாதாடினார். நிஜம்தான். எந்த ஃப்ரேமும் எதையோ வெளிய தள்ளித்தான் ஆகணும், உலகத்தை முழுசா உள்ள அடைக்க முடியாது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. வெளிய தள்ளினது என்னன்னு உனக்குத் தெரியுமா, அதைப் படத்துல இருக்கறவர்கிட்ட மூஞ்சிக்கு நேரா உன்னால சொல்ல முடியுமா? "ஐயா, உங்க சம்சாரத்தை வெட்டிட்டேன், கண்ணு புள்ளியில வரணும்ல"ன்னு அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிப் பாருங்க, அவர் கையில என்ன இருக்குதோ அது நம்ம மேல விழும் :-)

தம்பிகிட்ட ஒரிஜினல் படத்தை அனுப்பச் சொன்னேன். நல்லவேளை, அழிக்காம வச்சிருந்தார். அந்தம்மா சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. பெரியவர் தலைப்பாகையை அவங்கதான் சரி பண்ணி விட்டிருக்காங்க போல, அந்தக் கை அப்பதான் தோளுக்கு இறங்கியிருக்கு. பின்னாடி குச்சிக்கிழங்கு மூட்டை ஏத்தற மினி லாரி, அதோட நம்பர் பிளேட்டு, அதுக்கு மேல உக்காந்து போன் பாக்கற ஒரு பையன். ஒரு ஆடு வேற பாதி. ஆடு கண்ணை உறுத்தத்தான் செய்யுது, ஒத்துக்கறேன்.

ஆயாவுக்கும் ரெண்டாவது பிரிண்ட் குடுத்துட்டேன். கலர்ல, வெட்டாம, பக்கெட்டோட. பழசை என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். ஃப்ரேம் நல்லா இருந்துச்சுன்னு படத்தை எடுத்துட்டு முருகர் படத்தைப் போட்டுட்டாங்களாம். பேத்தி இப்போ சேலத்துல நர்சிங் படிக்குது. லீவுக்கு வந்திருந்தப்போ என் கேமராவை வாங்கி என்னையும் ஆயாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்துச்சு. ரெண்டு பேரும் நட்ட நடுவுல. என் தலை மேல கரண்ட் கம்பம். ஆயா அதைத்தான் சுவத்துல மாட்டணும்னு சொன்னாங்க, பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன்.

பி.கு: அடுத்த ஞாயித்துக்கிழமை தம்பியும் நானும் வெள்ளிமலை போறோம், அந்தப் பெரியவரையும் அந்தம்மாவையும் பாத்துப் படத்தைக் குடுக்க. வர்றவங்க காலையில ஏழு மணிக்குள்ள கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. கேமரா இல்லாட்டியும் பரவாயில்லை, மத்தியானச் சாப்பாட்டை மட்டும் கட்டிக்கிட்டு வாங்க.